கேஸ் பார்பிக்யூவுக்குப் புகை ஏற்றிய கதை

எங்கள் வீட்டில் இருப்பது மூன்று பர்னர் வைத்த கேஸ் பார்பிக்யூ. கரியைக் கொட்டி, மூட்டி, விசிறி, கடைசியில் சாம்பலையும் அள்ளும் பொறுமை நமக்குக் கிடையாது என்று தெரிந்துதான் கேஸுக்குப் போனேன். குமிழைத் திருகினால் தீ, திருப்பித் திருகினால் அணைந்துவிடும். ஒரு வருடம் எந்தக் குறையும் தெரியவில்லை. ஒரு விருந்தில் கரி அடுப்பில் சுட்ட கோழிக்காலைத் தின்றுவிட்டு வந்த மகள், அடுத்த வாரம் நான் சுட்டதைக் கடித்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தாம்ப்பா இருக்கு. ஆனா ஓவன்ல வச்சு எடுத்த மாதிரி இருக்கு” என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதன்பிறகு நான்கைந்து மாதம், விடுமுறை வந்தால் புகையோடு மல்லுக்கட்டுவதே வேலை. எது வேலை செய்தது, எது காசைத் தின்றது, எங்கே கை சுட்டது என்று அவ்வப்போது குறித்து வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மகள் சொன்னதில் தப்பே இல்லை. கேஸ் முழுதாக எரிந்தால் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான். இரண்டுக்கும் வாசனை கிடையாது. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனோ பியூட்டேனோ, ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ எப்படி என்று நானும் முதலில் முழித்தேன். காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் எடையில் சேர்ந்துகொள்கிறது. ஆக, மூடிக்குள்ளே சுற்றுவது வாசனையில்லாத, ஈரமான சூட்டுக் காற்று. ஓவன் என்று அவள் சொன்னது பொருத்தமான வார்த்தை.

கரி அடுப்பின் மணம் முழுக்கக் கரியிலிருந்து வருவதாக நினைத்திருந்தேன். நன்றாகக் கனன்ற கரியில் புகையே அதிகம் இருக்காது. மரத்தில் மணம் தரும் சங்கதிகளில் பெரும்பாலானவை மரத்தைக் கரியாக்கும்போதே வெளியேறிவிடும். இறைச்சியிலிருந்து கொழுப்பும் சாறும் சொட்டி, தணலில் விழுந்து பொசுங்கி, ஆவியாக ஏறி அந்த இறைச்சியிலேயே படிகிறதே, அந்த மணம்தான் அங்கே பெரும்பங்கு. கேஸ் அடுப்பிலும் இது கொஞ்சம் நடக்கும். பர்னருக்கு மேலே கூரை போல மடித்து வைத்த தகடுகள் இருக்குமே, கொழுப்பு அதில் விழுந்து பொசுங்கும். மரப்புகையின் மணம் இது இரண்டும் இல்லாத தனி ரகம். மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடையும்போது குவையகால், சிரிங்கால் போன்றவை வெளிப்படும். நாம் ‘புகை வாசனை’ என்று சொல்வது பெரும்பாலும் அவற்றைத்தான். அது வேண்டுமென்றால் எங்கேயாவது கொஞ்சம் மரம் சுடர்விடாமல் புகைந்து கனிய வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் முதல் மாதம் கடைகடையாக அலைந்தேன்.

முதலில் தீயைச் சரிசெய்தது

புகைப்பெட்டி வாங்குவதற்கு முன்பே ஒரு பராமரிப்பு வேலை காத்திருந்தது. இடது ஓரத்துப் பர்னரின் சுடர் மஞ்சளாக, சோம்பலாக நெளிந்துகொண்டிருந்தது. கம்பித் தட்டின் அடியில் அந்தப் பக்கம் மட்டும் கருப்பாகப் படிந்திருந்தது. ‘இதுதான் நமக்குக் கிடைத்த புகை போலிருக்கிறது’ என்று சில வாரம் சும்மா விட்டிருந்தேன். அது புகைமணம் இல்லை, வெறும் புகைக்கரி. கேஸ் சுடர் நீலமாக இருக்க வேண்டும், நுனியில் லேசாக மஞ்சள் தட்டினால் தப்பில்லை. முழுக்க மஞ்சள் என்றால் கேஸோடு காற்று சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம்.

சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, கம்பித் தட்டு, மடிப்புத் தகடு எல்லாவற்றையும் எடுத்தேன். பர்னரைப் பின்பக்கம் பிடித்திருந்த பின்னைக் குறடால் இழுத்ததும் குழாய் கையோடு வந்துவிட்டது. முன்பக்கம், காற்றும் கேஸும் கலந்து உள்ளே போகும் அந்த வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி சிலந்திக் கூடு. பாட்டில் கழுவும் நீளமான பிரஷ்ஷை விட்டு இரண்டு முறை இழுத்தேன். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. பர்னரில் வரிசையாக இருக்கும் துளைகளில் அடைத்திருந்தவற்றை மெல்லிய கம்பியால் குத்திவிட்டேன். தடித்த கம்பியைத் திணித்துத் துளையைப் பெரிதாக்கிவிடக் கூடாது, அப்புறம் சுடர் எப்போதும் கோணலாகத்தான் எரியும்.

திரும்ப மாட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். குமிழுக்குப் பின்னால் கேஸ் வரும் சின்ன மூக்கு பர்னர் வாய்க்குள் போய் உட்கார வேண்டும். வெளியே நின்றால் கேஸ் பர்னருக்குள் போகாமல் குமிழ்ப் பலகைக்குப் பின்னால் கசியும். எல்லாம் மாட்டி முடித்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ட்யூப் முழுக்கத் தடவினேன். சிலிண்டரைத் திறந்ததும் ரெகுலேட்டர் பக்கத்து கிளிப்பில் குமிழி கிளம்பியது. கிளிப்பை இறுக்கி மறுபடி தடவினேன், நின்றது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ட்யூபைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் இப்போது தவறாமல் செய்கிறேன்.

அன்றைக்கே இன்னொரு குழப்பமும் வந்தது. மூன்று பர்னரும் முழுசாகத் திறந்தும் சூடு 120 டிகிரியைத் தாண்டவில்லை. சில ரெகுலேட்டர்களில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு: கேஸ் திடீரென்று வேகமாகப் பாய்ந்தால் ட்யூப் அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, ஓட்டத்தைச் சுருக்கிவிடும். நான் பர்னர் குமிழைத் திறந்து வைத்துக்கொண்டு சிலிண்டரைச் சடாரென்று திறந்திருக்கிறேன். எல்லாவற்றையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, ஓரிரு நிமிடம் கழித்து மாட்டி, சிலிண்டரை மெல்லத் திறந்த பிறகு பர்னரைப் பற்றவைத்ததும் சரியாகிவிட்டது. பற்றவைக்கும்போது மூடி எப்போதும் திறந்தே இருக்கட்டும். மூடியைச் சாத்திக்கொண்டு பற்றவைத்தால் உள்ளே தேங்கிய கேஸ் ஒரே மூச்சில் பிடிக்கும்.

வாங்கியதும் பரணில் போட்டதும்

துணைச்சாமான் விஷயத்தில் நான் சின்னப் பிள்ளை மாதிரிதான் நடந்துகொண்டேன். கோழியை முழுசாகச் சுழற்றும் மோட்டார் கம்பி, மீன் வைத்துத் திருப்பும் கூடை, வார்ப்பிரும்புத் தோசைக்கல் மாதிரி ஒரு தட்டு, ஆறேழு அளவில் கம்பிகள், மின்விளக்கு வைத்த இடுக்கி என்று வந்து இறங்கியது. அந்த மின்விளக்கு இடுக்கியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. விளக்கு இருந்ததால் பிடி கனமாகி, மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம். இன்று கையில் எடுப்பது 40 சென்டிமீட்டர் நீளமுள்ள சாதாரண எவர்சில்வர் இடுக்கி.

வாங்கியதில் வாழ்க்கையை மாற்றியது ஒன்றே ஒன்று, தெர்மாமீட்டர். அடுப்பு மூடியில் ஒரு வட்டமான முள் மானி இருக்கும். அதை நம்பித்தான் ஒரு வருடம் சுட்டேன். அது மூடியின் உச்சியில் இருக்கும் சூட்டைச் சொல்கிறது. இறைச்சி கிடப்பதோ கீழே, கம்பித் தட்டில். வயரோடு கூடிய மானியைக் கம்பித் தட்டு மட்டத்தில் வைத்துப் பார்த்தபோது எங்கள் அடுப்பில் இரண்டுக்கும் 25 டிகிரி வித்தியாசம் இருந்தது. புகை போட்டு மெதுவாகச் சுடுவதற்கு இந்த வித்தியாசம் மிக அதிகம். அதனால் வயர் மானி ஒன்று, இறைச்சிக்குள் குத்தினால் சில வினாடிகளில் சூட்டைக் காட்டும் பேனா மாதிரியான மானி ஒன்று, இந்த இரண்டையும் மட்டும் முதலில் வாங்குங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். மானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஒரு டம்ளர் நிறைய ஐஸ் துண்டுகளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அதில் முனையை வைத்தால் 0 டிகிரி காட்ட வேண்டும்.

வார்ப்பிரும்புத் தட்டு நல்ல பொருள்தான், வெங்காயம், முட்டை எல்லாம் போடலாம். ஆனால் அது கம்பித் தட்டின் பாதிக்கு மேல் மறைக்கக் கூடாது. ஆசையில் ஒருமுறை இரண்டு தட்டை வாங்கி முழுக்கப் பரப்பினேன். சூடான காற்று மேலே ஏற வழியில்லாமல் கீழேயே சுற்றி, முன்பக்கக் குமிழ்கள் தொட முடியாத அளவுக்குக் கொதித்துவிட்டன. அலுமினியத் தாளை முழுக்க விரிப்பதும் இதே தப்புத்தான்.

சுத்தம் செய்யக் கம்பி பிரஷ் வாங்கினேன். மூன்றாம் மாதம் கம்பித் தட்டில் ஒரு மயிரிழைக் கம்பி ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் தூக்கிப் போட்டுவிட்டேன். அந்த இழை உணவோடு தொண்டைக்குள் போனால் அறுவை சிகிச்சைவரை இழுத்துவிடும். இப்போது அலுமினியத் தாளை எலுமிச்சை அளவுக்குக் கசக்கி, இடுக்கியில் பிடித்து, சூடான கம்பியில் தேய்க்கிறேன். வேலை நன்றாகவே நடக்கிறது, காசும் இல்லை. கையுறை மட்டும் நல்லதாக, முழங்கைவரை வருவதாக வாங்குங்கள். துணிக் கையுறை நனைந்திருந்தால் சூடு அந்த ஈரத்தின் வழியே நேராகக் கைக்கு வந்துவிடும். இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்காதீர்கள்.

ஊறவைத்த சீவல்

முதல் முயற்சிக்கு வார்ப்பிரும்புப் புகைப்பெட்டி. மூடியில் துளை போட்ட சின்னப் பெட்டி. உள்ளே மரச்சீவலை நிரப்பி அடுப்பில் வைக்க வேண்டும். பாக்கெட்டில் ‘அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்கவும்’ என்று போட்டிருந்தது. பக்தியோடு ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். கம்பித் தட்டின் மேல் பெட்டியை வைத்து, பக்கத்திலேயே கோழிக்காலையும் வைத்தேன்.

நாற்பது நிமிடம் கழித்துக் கோழி வெந்துவிட்டது. பெட்டியிலிருந்து வெள்ளையாக ஏதோ வந்துகொண்டிருந்தது. மூக்கை வைத்துப் பார்த்தால் வாசனையே இல்லை, வெறும் நீராவி. கோழியை எடுத்துப் பரிமாறி, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் பெட்டி ஜம்மென்று புகைந்துகொண்டிருந்தது, காலி அடுப்பில்.

யோசித்தால் காரணம் எளிது. ஈரம் இருக்கும்வரை மரம் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. புகை வர அது 300 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும். ஊறவைப்பதால் சீவல் அதிக நேரம் புகையும் என்பது கதை; அது தாமதமாகப் புகையத் தொடங்கும், அவ்வளவுதான். ஊறிய ஒரு சீவலை ஒடித்துப் பாருங்கள், மேல்தோல் மட்டும் நிறம் மாறியிருக்கும், உள்ளே காய்ந்தே இருக்கும். போதாக்குறைக்கு, கனமான வார்ப்பிரும்பு தானே சூடாக நேரம் எடுக்கும், நான் வைத்த இடமும் சுடரிலிருந்து வெகுதூரம். ஒரே நேரத்தில் மூன்று தப்பு.

ஆஸ்பத்திரி வாசனை

இரண்டாவது முறை பழிக்குப் பழி. ஊறவைக்கவில்லை, பெட்டி நிறையக் காய்ந்த சீவல், கம்பித் தட்டை எடுத்துவிட்டுப் பர்னர் மேலிருக்கும் மடிப்புத் தகட்டிலேயே பெட்டியை வைத்தேன், தீ முழுசு. பத்து நிமிடத்தில் கெட்டியான வெள்ளைப் புகை மூடியின் எல்லாச் சந்திலும் பீறிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. கோழி செம்புக் குடம் மாதிரி நிறமாக வந்தது.

மகள் ஒரு வாய் வைத்தாள். “அப்பா, இது ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது.”

உண்மைதான். நாக்கின் ஓரம் மரத்தது, கசந்தது. குவையகால் வகையறாப் பொருள்கள் அளவாக இருந்தால் மணம், அளவு மீறினால் மருந்து. அதோடு, மரம் காற்றுப் போதாமல் திணறி எரியும்போது வரும் கெட்டிப் புகையில் தார் மாதிரியான பிசுக்கும் கலந்திருக்கும். மூடியின் உட்பக்கத்தில் விரலால் தொட்டால் பழுப்பாக ஒட்டியது. அதேதான் கோழியிலும் படிந்திருக்கிறது.

அன்றைக்குத்தான் புகையைக் கண்ணால் எடைபோடக் கற்றுக்கொண்டேன். வர வேண்டியது ஊதுபத்திப் புகை மாதிரி, மெல்லியதாக, வெயிலில் லேசாக நீலம் தட்டி, பல நேரம் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகப்படும்படி. கொசுவை விரட்டப் போடும் மூட்டம் மாதிரி வெள்ளையாகச் சுருண்டு வந்தால் உணவை உள்ளே வைக்காதே, அல்லது தீயைக் குறை. நீலமாகத் தெரிவதற்குக் காரணம் துகள்கள் மிக நுண்ணியவை. வானம் நீலமாகத் தெரிவதைப் போலத்தான் அவை ஒளியைச் சிதறடிக்கின்றன. துகள் பெருத்தால் மேகம் போல வெள்ளையாகிவிடும்.

இதற்கு நடுவே மச்சான் ஒரு யோசனை சொன்னார். “பின்னாடி இவ்ளோ பெரிய சந்து இருக்கே மச்சான், பாதிப் புகை அது வழியாத்தானே போவுது? ஃபாயிலை வச்சு அடைச்சிட்டா என்ன?” எனக்கும் அந்த எண்ணம் வந்திருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை. அந்தச் சந்து கேஸ் அடுப்புக்கு மூக்கு. அதை அடைத்தால் எரிந்த வாயு வெளியேறாது, புதுக் காற்று வராது, சுடர் திணறும், கார்பன் மோனாக்சைடு கூடும். காற்றில் பர்னர் அணைந்தால் கேஸும் உள்ளேயே தேங்கும். புகை வெளியே போவது போகட்டும். கேஸ் அடுப்பில் புகை போடுகிறவன் அந்த நஷ்டத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

அணைந்த குழல்

மூன்றாவது முறை துளை போட்ட எவர்சில்வர் குழல், 30 சென்டிமீட்டர் நீளம். மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் குருணையை அதில் நிரப்பி, ஒரு முனையைத் தீப்பீச்சியால் கொளுத்திவிட்டால் ஊதுபத்தி போலத் தானாகக் கனிந்துகொண்டே போகும், மூன்று நான்கு மணி நேரம் வரும் என்பது ஏற்பாடு. பர்னரின் சூட்டை நம்பியில்லை என்பதுதான் இதன் அழகு.

எனக்கு இரண்டு முறை அணைந்தது. முதல் முறை அவசரம்: ஒரு நிமிடம் கொளுத்திவிட்டு ஊதி அணைத்து உள்ளே வைத்துவிட்டேன். குருணை நன்றாகப் பிடித்து எட்டுப் பத்து நிமிடம் சுடர்விட்டு எரிந்த பிறகுதான் ஊதி அணைக்க வேண்டும். இரண்டாவது முறை அதையும் செய்தேன், அப்படியும் அணைந்தது. திறந்து வைத்த பாக்கெட்டில் குருணை ஈரம் வாங்கியிருந்தது. மூடிக்குள்ளே சுற்றுவது ஈரமான காற்று என்று மேலே சொன்னேனே, கேஸ் எரிவதால் ஆக்சிஜனும் குறைந்த அந்தக் காற்றில் ஈரக் குருணை எப்படிக் கனியும்? ஒரு தட்டில் பரப்பி, இளஞ்சூட்டு ஓவனில் கொஞ்ச நேரம் காயவைத்து எடுத்து, குழலைக் காற்று வரும் ஓரமாக வைத்தபோது கடைசிவரை நின்றது. குருணை வாங்கும்போது சமையலுக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டைச் சூடாக்க எரிக்கும் குருணையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதில் என்ன மரம், என்ன பசை கலந்திருக்கிறது என்று தெரியாது.

குழலை இப்போதும் வைத்திருக்கிறேன், ஆனால் கோழிக்கு அதிகம் எடுப்பதில்லை. பர்னர் எதையும் பற்றவைக்காமல் குழலை மட்டும் உள்ளே வைத்து, சீஸ், உப்பு, பாதாம் இவற்றுக்குக் குளிர்ந்த புகை போட அதைவிட நல்லது கிடையாது. கல்லுப்பைத் தட்டில் பரப்பி இரண்டு மணி நேரம் வைத்தேன். அந்த உப்பைப் பொரித்த முட்டையில் தூவிப் பாருங்கள். சீஸுக்கு உள்ளே 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, உருகிவிடும். பச்சை மீன், இறைச்சிக்கு இந்தக் குளிர்புகை வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். கிருமிகள் வளரத் தோதான சூட்டில் மணிக்கணக்காகக் கிடக்கும்.

கடைசியில் ஒரு பொட்டலம்

நான்காவது முறை தேறியது. செலவு, ஒரு முழ அலுமினியத் தாள்.

கனமான தாளை இரண்டாக மடித்து, அதில் இரண்டு கைப்பிடி காய்ந்த சீவலைப் பரப்பி, கடித உறை மாதிரித் தட்டையாக மடித்தேன். மேல்பக்கம் மட்டும் கம்பியால் ஐந்து துளை. துளை அதிகமானால் காற்று நிறைய உள்ளே போய்ச் சீவல் தீப்பிடிக்கும். தீப்பிடித்தால் புகை இல்லை, சாம்பல்தான். அந்தப் பொட்டலத்தை இடது பர்னர் மேலிருக்கும் மடிப்புத் தகட்டில், கம்பித் தட்டுக்கு அடியில் வைத்தேன். மூடி திறந்திருக்கும்போதே இடது பர்னரை மட்டும் பற்றவைத்து, முழுசாகத் திறந்துவிட்டு மூடியைச் சாத்தினேன். மற்ற இரண்டு பர்னரும் மூடியே இருக்கட்டும். பன்னிரண்டு நிமிடத்தில் வெள்ளைப் புகை கிளம்பியது. உடனே தீயைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தேன். புகை மெலிந்து நீலம் தட்டியதும்தான் கோழிக்காலை வலது ஓரத்தில், தீ இல்லாத பக்கம் வைத்தேன். வயர் மானி கோழிக்குப் பக்கத்தில். 110 முதல் 120 டிகிரிக்குள் நிற்கும்படி குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே இருந்தேன்.

கோழி ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்தது. வெளியே வைத்துக் குளிர் போகவிட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். புகை போடும்போது அது எதிர்வேலை. புகை ஈரமான, குளிர்ந்த பரப்பில்தான் நன்றாகப் படியும். குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் நீர்த்துளி கோத்துக்கொள்கிறதே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். அதனாலேயே இடையில் ஒருமுறை கோழியின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தேன். இடது பக்கம் கம்பித் தட்டில் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்திருந்தேன். அது சூட்டை ஏற்ற இறக்கம் இல்லாமல் பிடித்து வைத்தது.

ஒரு பொட்டலம் 25 நிமிடம் வந்தது. முன்கூட்டியே இரண்டு பொட்டலம் கட்டி வைத்திருந்ததால் அது தீர்ந்ததும் அடுத்ததை இடுக்கியால் உள்ளே தள்ளி வைத்தேன். அவ்வளவுதான் புகை, மூன்றாவது போடவில்லை. ஆசையை அடக்க வேண்டிய இடம் அதுதான். இதற்கு நடுவே எத்தனை முறை மூடியைத் திறந்தேன் என்று மனைவி எண்ணியிருக்கிறார், ஒன்பது. ஒவ்வொரு முறையும் உள்ளே சேர்ந்த புகையும் சூடும் மொத்தமாகப் போய், பழையபடி ஏறச் சில நிமிடம் ஆகும். “மானிதான் வெளியில தெரியுதே, எதுக்கு அடிக்கடி திறந்து பார்க்கிறீங்க?” என்று கேட்டார். பதில் இல்லை.

ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் கோழியின் உட்சூடு 74 டிகிரியைத் தொட்டது. கோழிக்குப் பாதுகாப்பான சூடு அதுதான். ஆனால் தொடைப்பகுதி 80-ஐத் தாண்டினால்தான் நரம்பெல்லாம் இளகி மெதுவாகும், அதனால் எடுக்கவில்லை. ஒரு சிக்கல் மட்டும் பாக்கி: இந்த மாதிரி மெல்லிய சூட்டில் கோழித்தோல் ரப்பர் மாதிரி ஆகிவிடும். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு, நடுப் பர்னரையும் பற்றவைத்து, கடைசி ஐந்து நிமிடம் தோல்பக்கத்தை நேரடித் தீயில் காட்டினேன். கொழுப்பு சொட்டித் தகட்டில் பொசுங்கியது. அந்த மணமும் சேர்ந்துகொண்டது. பக்கத்திலேயே நின்று திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தீ எழும்பிக் கருகவிட்டால் மறுபடி கசப்புக்குப் போய்விடுவோம்.

மகள் எலும்பைச் சப்பிவிட்டு அடுத்ததுக்குக் கை நீட்டினாள். கருத்து எதுவும் சொல்லவில்லை. வெட்டிப் பார்த்தபோது கரி அடுப்புக்காரர்கள் பெருமைப்படும் அந்த இளஞ்சிவப்பு வளையம் எங்கள் கோழியில் சரியாக விழவில்லை. அது புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு இறைச்சியின் நிறமியோடு சேர்வதால் வருவது. சுவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேஸ் அடுப்பில் அது மெலிதாகத்தான் வரும். அதைத் துரத்திக்கொண்டு போவதாயில்லை.

என்ன மரம்

மரம் பற்றித்தான் எல்லாரும் அதிகம் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் அது கடைசிக் கவலை. புகை சுத்தமாக இருந்தால் ஆப்பிளா செர்ரியா என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்ல என் வீட்டில் யாராலும் முடியவில்லை. ஓக்கும் ஹிக்கரியும் கொஞ்சம் கனம், பழமரங்கள் மென்மை, மெஸ்கீட் முரடு. இந்த மெஸ்கீட் வேறு யாருமில்லை, நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய பங்காளி. அது சீக்கிரம் கசக்கும், பாதி அளவு போட்டால் போதும். மா, கொய்யா இரண்டும் நன்றாகக் காய்ந்திருந்தால் அருமையாக வேலை செய்கின்றன.

விலக்க வேண்டியதை மட்டும் கண்டிப்பாக விலக்குங்கள். பைன் போன்ற பிசின் வடியும் மரம் புகைக்கரியும் கசப்பும்தான் தரும். பெயின்ட் அடித்தது, மருந்து ஏற்றியது, பிளைவுட், பூஞ்சணம் பிடித்தது எதுவும் வேண்டாம். அரளி பக்கமே போகக் கூடாது, விஷம். என்ன மரம் என்று தெரியாத துண்டு கிடைத்தால் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சீவலுக்குப் பதில் கைமுட்டி அளவுத் துண்டு போட்டும் பார்த்தேன். மடிப்புத் தகட்டின் ஓரத்தில், சுடர் நேரே படாத இடத்தில் வைத்தால் ஒரு துண்டு ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் வருகிறது, பொட்டலம் மாற்றும் வேலை மிச்சம். பெரிய இறைச்சித் துண்டு வைக்கும் நாளில் இதுதான் தோது. மீன், சோளம், உருளைக்கிழங்கு மாதிரிச் சீக்கிரம் வேகிறவற்றுக்கு அரைப் பொட்டலம் போதும். மீன் புகையை வேகமாக வாங்கிக்கொள்ளும், இரண்டு பொட்டலம் போட்டுக் கெடுத்தவன் சொல்கிறேன்.

அந்த வார்ப்பிரும்புப் பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. தகட்டின் மேல் உட்கார்ந்து கொள்ளும்படி அது அகலமாக இல்லாததுதான் குறை. அடியில் குறுகி V போலச் சரிந்த வடிவில், இரண்டு தகட்டுக்கு நடுவே இறங்கி உட்காரும் எவர்சில்வர் பெட்டிகளும் விற்கிறார்கள். அடிக்கடி புகை போடுகிறவர்கள், தங்கள் அடுப்பின் தகட்டு இடைவெளியை அளந்துகொண்டு போய் வாங்கலாம். எனக்குப் பொட்டலமே போதுமாயிருக்கிறது.

கடைசியாக ஒன்று. மெதுவாகச் சுட்ட நாளில் கொழுப்பு எரிந்து போகாமல் அப்படியே கீழ்த் தட்டில் சேரும். அதை வழித்து எடுக்காமல் அடுத்த வாரம் முழுத் தீ வைத்தால் தட்டே பற்றிக்கொள்ளும். எங்களுக்கு ஒருமுறை லேசாகப் பிடித்தது. பர்னர், சிலிண்டர் எல்லாவற்றையும் மூடி, மூடியையும் சாத்திவிட்டுத் தள்ளி நின்றோம், தானாக அணைந்தது. அதில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், எரியும் கொழுப்பு தெறித்துச் சுற்றிலும் பிடிக்கும்.

தண்ணீர் வேண்டியது பொட்டலத்துக்கு. இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதே, ஆறியிருக்கும் என்று நினைத்துத் தீர்ந்த பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். உள்ளே ஏதோ ஒரு சீவல் கனிந்துகொண்டே இருந்திருக்கிறது. காலையில் பார்த்தால் பிளாஸ்டிக் தொட்டியின் ஒரு பக்கம் உருகி உள்வாங்கியிருந்தது. இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் நிற்கிறது. பொட்டலம் நேராக அதற்குள் போய், ஒரு இரவு ஊறிவிட்டுத்தான் வெளியே வருகிறது.